ஈராக்கின் குழந்தை இறப்புக் கணக்கு: ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்புச் சபை உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். 1990 ஆகஸ்ட் 6 அன்று தங்கள் சபை நிறைவேற்றிய 661ஆம் தீர்மானம் விதித்த பொருளாதாரத் தடை ஈராக்கின் வணிகத்தை ஏறத்தாழ முழுவதுமாக முடக்கியது. அடுத்த ஆண்டு வளைகுடாப் போரில் மின் நிலையங்கள் குண்டுவீச்சில் சிதைந்தன. மின்சாரமின்றிக் குடிநீர்ச் சுத்திகரிப்பும் கழிவுநீர் வெளியேற்றமும் நின்றுபோக, வயிற்றுப்போக்கு கைக்குழந்தைகளைப் பலிகொண்டது. அந்தத் துயரத்தை யாரும் மறுக்க முடியாது. இறந்த குழந்தைகளை எண்ணும் பொறுப்பு யார் கையில் இருந்தது என்பதே என் கேள்வி.

1999இல் ஈராக் அரசு ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்புடன் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பு, நாட்டின் மத்திய, தென் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு தடைக்கு முன் ஆயிரம் பிறப்புக்கு 56ஆக இருந்தது 131ஆக ஏறியதாகச் சொன்னது. இத்தகைய கணக்கெடுப்பில் ஒவ்வொரு தாயிடமும் பிள்ளைகளின் பெயரையும் பிறந்த மாதத்தையும் வரிசையாகக் கேட்பார்கள். உயிரோடு இல்லையென்றால், எத்தனை நாளில் அல்லது மாதத்தில் இறந்தது என்று குறித்துக்கொள்வார்கள். அந்தப் படிவம் யாருடைய ஊழியரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சதாம் ஆட்சி வீழ்ந்தபின் 2004, 2006, 2011 ஆண்டுகளில் தாய்மார்களிடம் மீண்டும் கேட்டபோது, அந்தப் பெரும் ஏற்றம் எதிலும் தென்படவில்லை. 1999ஆம் ஆண்டுத் தரவு திட்டமிட்டுத் திரிக்கப்பட்டது என்று லண்டன் ஆய்வாளர்கள் டைசனும் செட்டோரெல்லியும் 2017இல் எழுதினார்கள்.

அந்தப் பொய்க்கணக்கு எல்லாருக்கும் பயன்பட்டது என்பதுதான் வேதனை. தடைகளை எதிர்த்தவர்கள் அதை வைத்தே தடைகளால் 5 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்றார்கள். சதாமை வீழ்த்திய 2003 போரை அமெரிக்காவுடன் சேர்ந்து நடத்திய அப்போதைய பிரிட்டன் பிரதமர் டோனி பிளேரோ, 2010இல் அந்தப் போரைப் பற்றிய சில்காட் விசாரணையில், 130ஆக இருந்த இறப்பு விகிதம் 40ஆகக் குறைந்துவிட்டதென்று அதையே தம் நியாயமாக முன்வைத்தார்.

எனவே இனித் தடை விதிக்கும் ஒவ்வொரு தீர்மானத்திலும், தடைக்கு உள்ளாகும் அரசின் ஊழியர்களோ தடை விதிக்கும் நாடுகளின் ஊழியர்களோ கைவைக்க முடியாத, குறித்த இடைவெளியில் நடக்கும் குழந்தை இறப்புக் கணக்கெடுப்பையும், பெயர் நீக்கிய மூலத் தரவை உடனே வெளியிடுவதையும் கட்டாயமாக்குங்கள். அதற்கான நிதியைத் தீர்மானத்தோடு சேர்த்தே ஒதுக்குங்கள். ஏனெனில் வளரும் நாடுகளில் இத்தகைய கணக்கெடுப்புகளை நாற்பது ஆண்டுகளாகத் தாங்கிவந்த திட்டத்துக்கான நிதியை 2025இல் நிறுத்தியது தங்கள் சபையின் நிரந்தர உறுப்பு நாடான அமெரிக்காவே.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் புள்ளிவிவரங்களைப் படித்துவரும் ஒருவர்