கொம்பு வில்லின் பசை குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

தென்கொரியாவின் யேச்சொனிலுள்ள வில் பட்டறையிலிருந்து, எங்கள் வில்லை நம்பி எய்துவரும் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மழைக்காலத்தின் முடிவில் எங்கள் காக்குங் வில் (நீர் எருமைக் கொம்பு, மூங்கில், மாட்டுத் தசைநார் ஆகியவற்றை ஒட்டிச் செய்யும் கொரிய மரபு வில்) ஒன்றில் கொம்புப் பட்டை மூங்கிலை விட்டு எழும்பியதும், அதற்குக் காரணம் நாங்கள் மீன் நெட்டிப் பசையை (மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை) கைவிட்டுச் செயற்கைப் பசைக்கு மாறியதே என்று சில வில் திடல்களில் பேசப்பட்டு வருவதும் எங்கள் கவனத்துக்கு வந்தன. கொம்பு எழும்பியது உண்மை. பசை மாறியது என்பது உண்மையல்ல. வில் அம்பு செய்யும் கலையைத் தென்கொரிய அரசு 1971ஆம் ஆண்டு முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்தக் கலையில் எங்கள் பசையையே சந்தேகிப்பது, நாங்கள் செய்வது காக்குங் அல்ல என்று சொல்வதற்குச் சமம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பட்டறையில் கொம்பையும் தசைநாரையும் ஒட்டுவது கத்தாழை இனத்தைச் சேர்ந்த மினோ மீனின் நெட்டியிலிருந்து எடுக்கும் பசை மட்டுமே. நெட்டியை ஊறவைத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பை நீக்கி, கொதி வந்துவிடாதபடி மெல்லிய சூட்டில் கரைத்து வடிகட்டுகிறோம். கொதித்த பசைக்குப் பிடிப்பு குறைந்துவிடும் என்பதால் அடுப்பருகே இருப்பவர் வேறு வேலைக்கு எழுந்து போவதில்லை. நாண் இழுக்கப்படும்போது எய்பவர் பக்கத்திலுள்ள கொம்பு நெருக்கப்படுகிறது, வெளிப்பக்கத்துத் தசைநார் நீட்டப்படுகிறது. நாண் இறக்கினால் வில் எதிர்ப்புறமாக ஏறத்தாழ ஒரு வளையமாகவே சுருண்டுகொள்கிறது. இவ்வளவு இழுபறியையும் நடுவில் தாங்குவது அந்தப் பசையே. நெட்டிப் பசை தசைநாரோடு சேர்ந்து இசைந்து கொடுக்கும். பழுது வந்தால் வெந்நீராலும் சூட்டாலும் இளக்கிப் பிரித்து மறுபடி ஒட்டவும் இடம் தரும். இறுகியபின் நீரில் இளகாத செயற்கைப் பசையில் அது இயலாது, ஆகவே அதை நாங்கள் விரும்பினாலும் பயன்படுத்த மாட்டோம்.

ஆனால் இளகும் இயல்புள்ள பசைக்கு ஈரம் பகை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜூன் இறுதியில் தொடங்கும் மழைக்காலத்தில், வில்லை ஈரம் படாமல் வைக்கும், 30 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டுப் பெட்டிக்கு வெளியே வைக்கப்பட்ட காக்குங் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். எழும்பிய அந்த வில் எங்களிடம் வந்தபோது, பிரிந்த பரப்பில் வெந்நீரில் நனைத்த துணியை உரிமையாளரின் முன்னிலையிலேயே வைத்தோம். சிறிது நேரத்தில் பசை இளகிக் கையில் ஒட்டியது. செயற்கைப் பசையாக இருந்தால் அப்படி இளகியிராது. அந்த வில்லைத் திருத்தி ஒப்படைத்துவிட்டோம், அவர் மீது எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஐயமுள்ள எவரும் தம் வில்லோடு பட்டறைக்கு வந்து இதே சோதனையைத் தம் கண்ணால் பார்க்கலாம்.

பட்டறையில் வேறு இரண்டு மாற்றங்களும் உண்டு. தசைநார் வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த பெரியவர் உடல்நலம் கருதி ஓய்வு பெற்றுவிட்டார். காய்ந்த நாரை அடித்து, மயிரிழை போல் பிரித்து, சீப்பால் வாரி, பசையில் தோய்த்து அடுக்கடுக்காக வில்லின் முதுகில் படியவைப்பது குளிர்ந்து காய்ந்த மாதங்களில் மட்டுமே செய்யத்தக்க வேலை. ஓர் அடுக்கு உலராமல் அடுத்ததைப் போட முடியாது. அவரிடம் பயின்ற இளைஞர் கவனமாகவே செய்கிறார், ஆனால் அவரை அவசரப்படுத்த எங்களுக்கு மனமில்லை. நீர் எருமைக் கொம்போ என்றும் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியது; 15ஆம் நூற்றாண்டில் கொரிய மன்னர் செஜோ காலத்தில் ரியூக்யூவிலிருந்து (இன்றைய ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகள்) எருமைகளை வரவழைத்து வளர்த்துப் பார்த்தும் இந்தத் தேவை தீரவில்லை. ஒரு கொம்பின் வெளிவளைவிலிருந்து ஒரு நீண்ட பட்டைதான் தேறும் என்பதால், ஒரு வில்லுக்கு ஒரு சோடிக் கொம்பு வேண்டும், கொம்பின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. இவற்றை ஒட்டி, இந்த வசந்தத்துக்குப் பதிவான வில்களில் சில அடுத்த வசந்தத்தில் வந்து சேரும். புதிய பதிவுகளுக்குப் புதிய விலை பொருந்தும்.

பராமரிப்பே வேண்டாத, விலையும் குறைந்த கண்ணாடியிழை வில்கள் 1970களிலிருந்து எல்லாத் திடல்களிலும் நிறைந்திருக்கின்றன. கொரிய வில்வித்தையின் 5ஆம் படிநிலைத் தேர்வுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் காக்குங்கும் மூங்கில் அம்பும் கட்டாயம் என்பதற்காக வருபவர்கள் உண்டு. அந்தக் கட்டாயம் எதுவும் இல்லாமலே, ஒவ்வொரு முறையும் வில்லை அனலில் வாட்டி, வளைவை நேர்படுத்தி, நாண் ஏற்றி, 145 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கை நோக்கி நிற்கும் உங்களில் பலரை நாங்கள் அறிவோம். தந்தையின் வில்லைக் கொண்டுவந்து அதே அளவில் ஒன்று கேட்டவர்களும், தாமதத்தைச் சொன்னபோது காத்திருக்கிறோம் என்று ஒரே சொல்லில் முடித்தவர்களும் இந்தப் பட்டறையை நிலைநிறுத்தியவர்கள். உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

மே மாத இறுதிக்குள் வில்லைக் கொண்டுவந்தால், மழை தொடங்குமுன் ஒட்டுகளையும் பிர்ச் பட்டை உறையையும் பார்த்துத் தருகிறோம். சூட்டுப் பெட்டி இல்லாதவர்கள் மழைக்காலம் முடியும்வரை வில்லை எங்களிடமே விட்டுச் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்
யேச்சொன்