பரணில் கிடைத்த பைண்டு

அன்புள்ள சேகர்,

பதில் போட இரண்டு வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. ஊர் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். பரணில் பெரியம்மாவின் பொன்னியின் செல்வன் பைண்டு கிடைத்தது, கல்கி பத்திரிகையிலிருந்து வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, மணியம் வரைந்த படங்கள் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டன.

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து நாவல் எழுதப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த கையோடு இதைப் புரட்டியதால்தான் சொல்கிறேன். கல்கி நாவலுக்காகப் பத்திரிகை வேலையை விடவில்லையடா. 1921-ல் ஒத்துழையாமை என்று பள்ளிப் படிப்பை விட்டார், ஜெயிலுக்குப் போனார், 1923-ல் திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகையில் சேர்ந்தார். அப்புறம் திருச்செங்கோடு ஆசிரமத்தில் ராஜாஜியோடு 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை, பத்தே இதழ்தான் வந்தது. கள்ளை விடு என்பதை மாதாமாதம் அலுக்காமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார், கதை சொல்லும் பயிற்சி அங்கேயே கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனந்த விகடனில் தலையங்கமும் எழுதினார், 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமர்சனமும் எழுதினார். சத்தியாகிரகத்துக்காக அதையும் விட்டுவிட்டு, 1941-ல் நண்பர் சதாசிவத்தோடு 'கல்கி' என்று சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தார். அதற்குப் பணம் சேர்க்கத்தான் சதாசிவத்தின் மனைவி, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார், உனக்குத் தெரிந்ததுதான்.

1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷம், வாரம் தவறாமல் அச்சுக்குப் போக வேண்டிய அவசரத்தில் எழுதியது இந்த நாவல். ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டுகிற இடத்தில், இல்லை யாரோ மயங்கி விழுகிற இடத்தில் போய் நிற்பது அடுத்த வார இதழையும் ஜனங்கள் வாங்க வேண்டுமே என்பதற்காகத்தான். எனக்கு அதில் குறை தெரியவில்லை. கடைசிப் பகுதி மட்டும் கொஞ்சம் அவசரமாக முடிகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். முடித்த அதே வருஷம் டிசம்பரில் போய்விட்டார், வயது 55.

வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். ஆனால் பைண்டில் ஒரு வாரத்துப் பக்கங்கள் இல்லை. அந்த இடத்தில் பெரியம்மா பக்கத்து வீட்டு இதழை வாங்கி, நோட்டுத் தாளில் நீல மையால் அத்தியாயம் முழுவதையும் எழுதி வைத்துத் தைத்திருக்கிறாள். தண்ணீர் பட்டு நாலைந்து வரி கலைந்திருக்கிறது. தீபாவளிக்கு வருவாயல்லவா, உன்னிடம் இருக்கும் புத்தகத்தையும் எடுத்து வா, அந்த வரிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ரவி