வேலை இல்லாத மாதத்தில் பாய்லரும் போனால்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வீட்டு வரவு செலவுக் கட்டுரைகளைப் பல வருடங்களாக விடாமல் படிக்கிறேன். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், அதைக் கேட்டுத்தான் நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தோம். ஆனால் அந்தப் பணத்தில் கை வைக்க வேண்டிய நாள் வந்துவிட்டால் எதற்கு எடுப்பது, எதற்குத் தொடக்கூடாது, எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்பதை யாரும் எழுதுவதில்லை. சம்பளம் வருகிறவருக்குத்தான் எல்லா யோசனையும் இருக்கிறது, சம்பளம் நின்றவருக்கு ஒன்றும் இல்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வேலை போன ஐந்தாவது வாரம் எங்கள் வீட்டு பாய்லர் நின்றுபோனது. குளிக்க மட்டும் வெந்நீர் தரும் சின்ன பாய்லரைச் சொல்லவில்லை, ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பி வீடு முழுவதையும் சூடாக வைத்திருக்கும் பெரிய பாய்லரைச் சொல்கிறேன். நல்ல குளிர்காலம். வீட்டில் வயதான மாமியாரும் பள்ளிக்குப் போகும் மகளும் இருக்கிறார்கள். கணவரின் சம்பளம் மட்டும் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மாதமும் துண்டு விழுகிறது.

முதல் நாள் வந்த மெக்கானிக் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இது தேறாது, புதிதாகத்தான் போட வேண்டும், நாளைக்கே போட்டுத் தருகிறேன், தவணையில் கட்டலாம் என்றார். நான் கையெழுத்துப் போடவே தயாராக இருந்தேன். வேலை இல்லாதவருக்கு அடுத்தவர் ஒரு முடிவை எடுத்துக் கொடுத்துவிட்டால் அதுவே பெரிய நிம்மதியாகத் தெரிகிறது, அந்த நிம்மதிதான் ஆபத்து. கணவர்தான் ஒரு நாள் பொறு என்றார்.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம், எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பது அந்தக் கணக்கைத்தான். சேமிப்பைத் தொகையாகப் பார்க்காமல் மாதமாகப் பார்த்தோம். வீட்டுக் கடன் தவணை, கரண்டு, கேஸ், சாப்பாடு, போக்குவரத்து, போன், இன்டர்நெட், மருந்து, காப்பீடு, இவற்றை மட்டும் கூட்டினோம். அதில் கணவரின் சம்பளத்தைக் கழித்தால் மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது என்று தெரிந்தது. சேமிப்பையும் ஆபீஸில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தையும் சேர்த்து அந்தத் துண்டால் வகுத்தோம். ஒன்பது மாதம் வந்தது. அந்த மெக்கானிக் கொடுத்த கொட்டேஷனை அதே துண்டால் வகுத்தால் நாலு மாதம். அதாவது அந்த பாய்லரின் விலை, நான் வேலை தேடக்கூடிய நாலு மாதம். இப்படிப் பார்த்த பிறகுதான் எதைக் கேட்க வேண்டும், எங்கே பேரம் பேச வேண்டும் என்பதே புரிந்தது.

சரி, அப்புறம் இன்னும் இரண்டு பேரை வரவழைத்தோம். முதலில் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு, எனக்கு அப்போது தெரியவில்லை. பாய்லர் ஆறியிருக்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் முள் பொதுவாக 1 முதல் 1.5 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிற்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் பாய்லர் தானாகவே நின்றுவிடும், கையேட்டில் உள்ளபடி தண்ணீர் ஏற்றினாலே மறுபடி ஓடும். கடும் குளிரில் வெளியே போகும் வடிகுழாய் உறைந்துபோய் நிற்பதும் உண்டு, அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் (கொதிக்கும் தண்ணீர் வேண்டாம்). மின்விசிறி, சென்சார், வால்வு போன்றவை கெட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற பாகம் விரிசல் விட்டு ஒழுகினால்தான், அதுவும் பாய்லருக்கு வயதாகியிருந்தால்தான், புதிது வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. எங்களுடையது துரதிர்ஷ்டவசமாக அதுதான். பிரஷர் குறையக் குறைய மாதக்கணக்கில் நாங்கள் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜனும் உள்ளே போய்த் துருவை வளர்க்கும் என்று மூன்றாவதாக வந்தவர் விளக்கினார். இதை ஒரு வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஆன பிறகும் செலவு குறைந்தது. முதல் ஆள் எழுதியது 35 கிலோவாட் திறன் உள்ள பாய்லர். மூன்றாமவர் ஒவ்வொரு அறையாக அளந்து, ஒரே குளியலறைதானே, உங்களுக்கு 24 போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய குழாய்களில் இருக்கும் சேற்றைக் கழுவி எடுப்பதையும், துருவைப் பிடிக்கும் காந்த ஃபில்டரையும் அவர் தனித்தனியாக எழுதியிருந்தார். இந்த இரண்டையும் மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன், அந்தச் சேறு புது பாய்லரையும் அடைத்துவிடும், வாரண்டியும் கைகொடுக்காது. கடைசியில் மொத்தச் செலவு நாலு மாதத்திலிருந்து இரண்டரை மாதத்துக்கு இறங்கியது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்னால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், இது உங்கள் செலவாகவே இல்லாமல் போகலாம்.

தவணை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 10 சதவீத வட்டிதான் என்றார்கள். அது குறைந்து வரும் பாக்கிக்குப் போடும் வட்டி இல்லை, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை போடுகிற ஃபிளாட் வட்டி. 1,200 வாங்கினால் வட்டி 120, ஆக மாதம் 110 என்று 12 மாதம் கட்ட வேண்டும். மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால் வருடம் முழுவதும் உங்கள் கையில் சராசரியாகப் பாதித் தொகைதான் இருக்கிறது, அதற்கு 120 வட்டி என்றால் உண்மையான வட்டி ஏறத்தாழ 18 சதவீதம். அதைவிட முக்கியம், தவணை என்பது மாதாமாதம் விழும் துண்டைப் பெரிதாக்குகிறது. சேமிப்பில் ஒரே தடவையாக எடுத்தால் மாதங்கள் குறையும், ஆனால் அதோடு முடிந்தது. வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஒருவர், கையில் வேறு வழி இருக்கும்போது, புதிதாக ஒரு மாதக் கடமையை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேறு வழியே இல்லையென்றால் வருட வட்டி எவ்வளவு, கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக் கடன் தவணை தவறும் என்று தோன்றினால் தவறுவதற்கு முன்னாலேயே வங்கியிடம் பேசிவிடுங்கள், தவறிய பிறகு பேசினால் அவர்கள் கொடுக்கும் வழிகள் குறைந்துவிடுகின்றன.

பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று பழுதான பாய்லரைத் தட்டிக்கொட்டி ஓட்டாதீர்கள். கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நீல நெருப்பு மஞ்சளாக மாறினால், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், பாய்லரை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். உதவிக்குக் கூப்பிடுவதெல்லாம் வெளியே வந்த பிறகுதான். இந்த வாயு வந்தால் ஒலிக்கும் அலாரம் ஒன்று மாட்டுங்கள். வேலை இல்லாத நேரத்தில் குறைக்கக்கூடாத செலவு அது. பாய்லர் இல்லாத பதினோரு நாளும் நாங்கள் நால்வரும் ஒரே அறையில் ஒரு எலக்ட்ரிக் ஹீட்டரை வைத்துக்கொண்டு சமாளித்தோம், அதையும் எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில்தான் போட்டோம்.

அந்தப் பதினோரு நாளில் நான் ஒரு விண்ணப்பம்கூட அனுப்பவில்லை. இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மெக்கானிக் காலையில் வருவார், மதியம் வருவார் என்று காத்திருப்பதும் போனைப் பார்ப்பதும் கணக்குப் போடுவதுமாக நாள் போய்விடும், ராத்திரி சோர்வுதான் மிஞ்சும். ஒரு வீடியோ இன்டர்வியூவை நானே தள்ளிப் போட்டேன், பிறகு அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது, இன்றும் அதுதான் மனதை அறுக்கிறது. அதன் பிறகு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வேலை தேடுவதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். அந்த மூன்று மணி நேரத்தில் மெக்கானிக்கிடம் கணவர் பேசுவார், கதவை மாமியார் திறப்பார். மாமியாரிடம் வேலை போனதையே சொல்லாமல் ஐந்து வாரம் மறைத்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். சொன்ன அன்று அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா."

இன்னொன்று, வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டுங்கள், பயிற்சிக்குப் பணம் அனுப்புங்கள் என்று எனக்கு மூன்று அழைப்புகள் வந்தன. சம்பளம் கொடுக்க வேண்டியவர் நம்மிடம் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

பாய்லர் இப்போது ஓடுகிறது. கையில் ஐந்தரை மாதம் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த எண்ணை எழுதி வைக்கிறோம். மூன்றுக்கு வந்தால் என் துறையில் மட்டும் தேடுவதை விட்டுவிட்டுக் கிடைக்கும் வேலையைப் பிடிப்பது என்று இருவருமாகப் பேசி வைத்திருக்கிறோம். மனது கலங்கியிருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவு இல்லை அது, அதனால் இப்போதே எடுத்து வைத்துவிட்டோம்.

ஆசிரியர் அவர்களே, வாரம் கால் பக்கம் போதும். வேலை தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக ஒதுக்குங்கள். கொட்டேஷனை எப்படிப் படிப்பது, வங்கியிடம் எப்படிப் பேசுவது, எந்தச் செலவைத் தள்ளிப் போடலாம் என்று விஷயம் தெரிந்தவர்களை வைத்து எழுதச் சொல்லுங்கள். முதல் வாரத்துக்கு எங்கள் கணக்குத் தாள் வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி