சகுராபாவின் தோல்விகளையும் சரியாக எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

ஜப்பானின் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் கசுஷி சகுராபா பற்றி எங்கு எழுதினாலும் ‘கிரேசி குடும்பத்தை (பிரேசிலின் புகழ்பெற்ற ஜியு-ஜிட்சுக் குடும்பம்) வீழ்த்தியவர்’ என்று தொடங்கி, ‘பிறகு அடிமேல் அடி வாங்கினார்’ என்று முடித்துவிடுகிறார்கள். எந்த எடையில், எந்த விதியில், எத்தனை நிமிடம் மோதினார் என்று சொல்லாவிட்டால் இரண்டுமே அரைகுறைதான்.

2000 மே 1, டோக்கியோ டோம். ராய்ஸ் கிரேசி தரப்பு கேட்டுப் பெற்ற விதிப்படி 15 நிமிடச் சுற்றுகளுக்கு வரம்பில்லை. நடுவர் இடையில் நிறுத்தவும் கூடாது. ஆறு சுற்றுகள், 90 நிமிடங்கள். கால் உதைகள் வாங்கி வாங்கி ராய்ஸால் சரியாக நிற்க முடியாமல் போனதும் அவர் தரப்பே தோல்வியை ஏற்றுத் துண்டை வீசியது. அதே இரவில் தன்னைவிடக் கனமான இகோர் வோவ்சான்சினுடன் சகுராபா மேலும் 15 நிமிடம் மோதி, அதன் பிறகே விலகினார். பதிவேட்டில் அது வெறும் ‘தோல்வி’.

சகுராபாவின் அடையாளமான, எதிராளியின் கையை முறுக்கும் கிமுரா பூட்டையும் மேம்போக்காகவே எழுதுகிறார்கள். எதிராளி பின்னாலிருந்து இடுப்பைக் கட்டினால் பெரும்பாலோர் அந்தக் கையைப் பிரிக்கத்தான் பார்ப்பார்கள். சகுராபா பிரிக்கமாட்டார். மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையை எதிராளியின் மேற்கைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து தன் மணிக்கட்டையே பற்றிக்கொள்வார். பிறகு இடுப்பைத் திருப்பி, அந்தக் கையை முதுகுப் பக்கம் மேலே தள்ளுவார். பிடித்த கை நெஞ்சை ஒட்டியே இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் எதிராளி கையை நீட்டித் தப்பிவிடுவான், அல்லது தன் கால்சட்டையையே பற்றிக்கொள்வான். பூட்டு இறுகாமல் திரும்பினாலோ, முதுகையே அவனுக்குக் கொடுத்ததாகிவிடும். 2000 ஆகஸ்டில் ரென்சோ கிரேசியை நின்ற நிலையிலேயே இப்படிப் பூட்டிச் சுழற்றித் தரையில் இறக்கியபோது ரென்சோவின் முழங்கை மூட்டு விலகியது. இரண்டாம் சுற்று முடிய 17 விநாடிகளே மிச்சம். 1951இல் ரியோவில், இந்தப் பூட்டுக்குப் பெயர் தந்த ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா இதே பூட்டால்தான் ஹெலியோ கிரேசியை வென்றார். ராய்ஸ் அந்த ஹெலியோவின் மகன்.

இனி தோல்விகள். சகுராபாவின் இயல்பான எடை ஏறக்குறைய 85 கிலோ. வாண்டர்லெய் சில்வாவை அவர் சந்தித்ததோ 93 கிலோ பிரிவில்; மூன்று முறையும் தோற்றார். 2001 நவம்பர் ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்தது. 2002 ஆகஸ்டில் இன்னும் கனமான மிர்கோ குரோ காப்புடன் மோதியபோது கண்குழி எலும்பு உடைந்தது. திறமை வற்றியதால் வந்த தோல்விகள் அல்ல இவை. கனமான ஆட்களுடன், காயம் ஆற அவகாசமின்றி, கூட்டம் சேர்ப்பதற்காக அவரை மீண்டும் மீண்டும் இறக்கினார்கள். ரசிகர்களாகிய நாமும் கைதட்டினோம்.

2018இல் அவரே தொடங்கிய ‘குயின்டெட்’ பிடிச்சண்டைப் போட்டியில் அணிக்கு ஐந்து பேர், மொத்த எடை 430 கிலோவுக்குள். சராசரி 86 கிலோ, ஏறக்குறைய அவருடைய இயல்பான எடையே!

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இத்தகைய ஆட்டங்களின் முடிவை வெளியிடும்போது இருவரின் எடை, சுற்று, நேரம், நிறுத்தியவர் யார் என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டுகிறேன்.

– கலப்புத் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர், கோவை