நம் மாங்கா வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

பேரன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

டோக்கியோவின் நிஷிகசாயில், மாங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை வாசிக்க நம் வட்டம் தொடங்கி நான்காம் ஆண்டு முடிகிறது. செயலாளர் அறிக்கை பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது நாமே போட்டுக்கொண்ட விதி. போன வருஷம் ஏழு நிமிடத்தில் முடித்தேன். "அவ்வளவுதானா, ஒண்ணுமே நடக்கலையா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இந்த வருஷம் அந்தக் குரலுக்கு வேலை வைக்கமாட்டேன்.

மொத்தம் பதினொரு கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்டில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் கூட்டம் இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்குக் கசாய் ரின்காய் பூங்காவில் கட்டுச்சோற்று விருந்து நடந்தது. காற்றில் தட்டுகள் பறந்தன, பிடித்துவிட்டோம். பொங்கல் விழாவில் நமக்குக் கிடைத்த பொறுப்பு கோலம், போட்டோம். நாம் கூடும் குமின்கான் என்ற பொதுக் கூடத்தை விட்டுப் போகும்போது மேசைகளைத் துடைத்து வைக்க வேண்டும் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன். துடைப்பது எப்போதும் அதே நான்கு பேர்.

நவம்பர் சுற்றுலா பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 22 பேர் பெயர் கொடுத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றது ஒன்பது பேர், அதில் ஐந்து பேர் பிள்ளைகள். மழையும் இல்லை. சரி, போனோம். தொஷிமா வார்டில் இருக்கும் தொக்கிவா-சோ மாங்கா அருங்காட்சியகம். ஒசாமு தெசுகா, ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒரே பெயரில் வரைந்த இருவர் (டோரேமானைப் படைத்தவர் அவர்களில் ஒருவர்), இஷினோமோரி, அகாட்சுகா என்று மாங்கா வரைந்த பெரிய பெரிய ஆட்களெல்லாம் இளவயதில் வாடகைக்கு இருந்த மரவீடு அது. அசல் வீட்டை 1982-இல் இடித்துவிட்டார்கள். 2020-இல் அருகிலிருந்த ஒரு பூங்காவில் அதை அப்படியே மறுபடி கட்டினார்கள். 'அப்படியே' என்றால் பொதுச் சமையலறையின் அழுக்கு வரைக்கும். படிக்கட்டில் ஏறினால் பழைய மரம் மாதிரி முனகுகிறது; அதையும் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள். இடம் மட்டும் வேறு. நம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் படியில் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு, "இதுவும் ரீபூட்தானே அங்கிள்?" என்றாள். வராத 13 பேருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம், ஜூனில் நாங்கள் தொடங்கிய 'பழசும் புதுசும்' திட்டம். ஒரு மாங்காவை முன்பே தொடராக எடுத்திருக்க, அதை முதலிலிருந்து மறுபடி எடுப்பதுதான் ரீபூட்; பழைய தொடரையும் புதிய தொடரையும் மாங்காவோடு ஒப்பிடுவது இந்தத் திட்டம். இந்த ஆண்டின் முக்கிய வேலை அதுதான். முக்கியம் என்று நானே சொல்லிக்கொள்வதாகச் சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

பிள்ளைகள் ஹகாரென் என்று சுருக்கிச் சொல்லும் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற மாங்கா, அனிமே எனும் ஜப்பானிய அசைபடத் தொடராக இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டையும் எடுத்தது போன்ஸ் ஸ்டூடியோதான். ஹிரோமு அரக்காவா மாங்காவைத் தொடங்கியது 2001-இல். 2003 அக்டோபரிலேயே முதல் தொடர் டிவிக்கு வந்துவிட்டது. கையில் இருந்த கதை பாதி தூரம்கூட வராது. அதனால் அரக்காவாவின் சம்மதத்தோடு, இயக்குநர் செய்ஜி மிசுஷிமாவின் குழு பாதியிலிருந்து தனி வழியில் போய், தனக்கென்று ஒரு முடிவைக் கட்டிக்கொண்டது. அது 51 எபிசோடு. 2009 ஏப்ரலில் அதே ஸ்டூடியோ, யாசுஹிரோ இரியே இயக்கத்தில், முதலிலிருந்து மாங்காவின் வழியிலேயே மறுபடி எடுத்தது. 64 எபிசோடு. மாங்காவின் கடைசி அத்தியாயம் 2010 ஜூனில் வந்தது, தொடர் ஜூலையில் முடிந்தது. அண்ணனும் தம்பியும் மாதிரி இரண்டும் ஒன்றாகக் கரையேறின.

திட்டம் இதுதான். அனிமேயை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். கூடத்தில் புத்தகம் மட்டும். இந்த மாங்காவில் கடினமான காஞ்சி எழுத்துகளின் பக்கத்திலேயே, உச்சரிப்பைக் காட்டும் ஃபுரிகானாவைப் பொடியாகப் போட்டிருப்பதால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வாசிக்கும்; பெரியவர்கள் நமக்குத்தான் நாக்கு தள்ளும். ஆகவே பிள்ளைகள் ஜப்பானியில் உரக்க வாசித்து, தமிழில் கதை சொல்ல வேண்டும். பெற்றோர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். வீட்டில் தமிழில் கேட்டால் ஜப்பானியில் பதில் சொல்லும் பிள்ளைகள் இவர்கள். அவர்களை இரண்டு மணி நேரம் தமிழ் பேசவைத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று பொருளாளர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கதையின் அச்சாணியான சொல் 'தோக்கா கோக்கான்'. ஒன்று வேண்டுமென்றால் அதே மதிப்புள்ள இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரசவாதத்தின் சட்டம். நான்காம் வகுப்புப் பையன் அதைத் தமிழில் சொல்லத் தடுமாறினான். "சமமா... மாத்துறது..." என்று இழுத்தான். ஊரிலிருந்து வந்திருந்த அவன் பாட்டி, அதுவரை சுவரோரம் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தவர், "நெல்லைக் குடுத்து உப்பு வாங்குறதுடா" என்றார். பையன் அன்றிலிருந்து அந்தச் சொல் வரும் இடமெல்லாம் 'நெல்லுக்கு உப்பு' என்றே வாசித்துவருகிறான். இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

நான் இதைத் தொடங்கியபோது, மாங்காவுக்கு விசுவாசமான தொடர் எப்போதும் மேல் என்ற கட்சியில்தான் இருந்தேன். வாசிக்க வாசிக்க அந்தக் கட்சியில் விரிசல் விட்டது. விசுவாசமான தொடர் என்று ஊரே சொல்லும் 2009 தொடரின் முதல் எபிசோடு மாங்காவிலேயே கிடையாது. பனியை ஆயுதமாக்கும் ஒரு ரசவாதியை வைத்துப் புதிதாக எழுதியது. மாங்காவின் ஆரம்பத்திலேயே வரும் சுரங்க ஊர்க் கதையை அதில் தாண்டிப் போய்விட்டார்கள். விலகிப்போன 2003 தொடரிலோ அந்தச் சுரங்க ஊர் ஒழுங்காக இருக்கிறது. நீனா என்ற குழந்தையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தொடரில் நான்காம் எபிசோடில் வருகிறாள், அதிலேயே முடிந்துபோகிறாள். பழைய தொடரில் கதாநாயகர்களான அண்ணன் எட்வர்டும் தம்பி அல்போன்ஸும் அரசு ரசவாதித் தேர்வுக்குப் படிக்க அந்த வீட்டிலேயே தங்குகிறார்கள். குழந்தையும் நாயும் நமக்குப் பழகிப்போகின்றன. அதற்குப் பிறகு நடக்கும்போது எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மாங்காவில் அது சுருக்கமாகத்தான் வருகிறது. அப்படியானால் எது விசுவாசம்? கட்டம் கட்டமாகப் பின்தொடர்வதா, மாங்கா குத்திய இடத்தில் குத்துவதா?

துணைத்தலைவி இதே கேள்வியை ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் என்ற மாங்காவை வைத்து எழுப்பினார். 2001 தொடர் 26 எபிசோடோடு நின்றது. மாங்கா முடியவே 2006 ஆனது, 23 தொகுதி. பழைய தொடரில் ஒரு முக்கியக் கதாபாத்திரத்தின் அடிப்படையான விவரமே, மாங்கா பிற்பாடு சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறது. இன்னும் வாசிக்காதவர்களுக்காக விவரம் சொல்லவில்லை. 2019-இல் மறுபடி எடுத்தபோது, ஆசிரியர் நட்சுகி தகாயா பழைய குழுவும் வேண்டாம், பழைய குரல்களும் வேண்டாம், எல்லாம் புதிதாக வேண்டும் என்று கேட்டு, தானே மேற்பார்வை பார்த்தார். 63 எபிசோடில் கதை கடைசிவரை வந்தது. துணைத்தலைவி அதற்கே ஓட்டுப் போடுகிறார். ஆனாலும் பழைய தொடரில் ரிட்சுகோ ஒகாசாகி பாடிய தொடக்கப் பாட்டை இன்னும் அலாரமாக வைத்திருக்கிறார் என்பதைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

ஹன்டர் ஹன்டர் என்ற மாங்கா பற்றிச் சுருக்கமாக. மாங்காவின் முதல் அத்தியாயத்திலேயே கைட் என்பவன் வந்து கதாநாயகச் சிறுவன் கோனைக் காப்பாற்றுகிறான். 1999 தொடரிலும் வருகிறான். 148 எபிசோடு ஓடிய 2011 தொடரில் அந்தக் காட்சியைத் தொடக்கத்தில் விட்டுவிட்டு, எழுபது எபிசோடு தாண்டிப் பழைய நினைவாக ஒட்டவைத்தார்கள். கைட்டுக்கு அப்புறம் நடப்பது எவ்வளவு வலிக்க வேண்டுமோ அவ்வளவு வலிக்காமல் போவது இதனால்தான் என்பது என் கட்சி. தெசுகாவின் தொரோரோ மாங்காவில் வரும் 48 பேய்களை 2019 தொடர் 12 ஆக்கியது, அப்படியும் நன்றாகத்தானே இருந்தது என்று ஒருவர் மடக்கினார். இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

ஜனவரிக் கூட்டத்தில் ஹகாரென் பழசா புதுசா என்று ஓட்டெடுத்தோம். புதியதற்கு ஏழு, பழையதற்கு இரண்டு. "மாங்காவில் உள்ளபடியே இருக்கிறது, அதனால்தான்" என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் மாங்காவை வாசித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். ஒரு கை உயர்ந்தது. அது ஒன்பது வயதுக் கை.

பொருளாளருக்கும் எனக்கும் இருந்த மனவருத்தம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் மறைக்கவில்லை. ஹகாரென் மாங்காவின் 27 தொகுதிகளையும் செயற்குழுவைக் கேட்காமல் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன் என்பது உண்மை. நாலாயிரத்துச் சொச்சம் யென். புதிதாக வாங்கியிருந்தால் அதைப் போல மூன்று மடங்கு ஆகியிருக்கும். முழு செட் கட்டுக்கட்டி அலமாரியில் இருந்தது; செயற்குழுவைக் கூட்டிவிட்டுத் திரும்பிவந்தால் அது இருந்திருக்காது. ஒரு வாரம் ரசீதைத் தொலைத்துவிட்டேன் என்பதும் உண்மை. பிறகு 9-ஆம் தொகுதிக்குள் கிடைத்தது. யாரோ பக்க அடையாளமாக வைத்திருந்தார்கள். ஆக, அந்தத் தொகுதியை யாரோ வாசித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

வரவு செலவை ஏற்கெனவே சுற்றுக்கு விட்டாயிற்று. சுருக்கமாகச் சொன்னால், கூட வாடகை, புத்தகம், விருந்து, இதர செலவு எல்லாம் போக, போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவான தொகை கையிருப்பில் இருக்கிறது. 'இதர' என்பதன் விளக்கம் பொருளாளரிடம் உண்டு.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். 26 குடும்பங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு மூவாயிரம் யென். இன்றுவரை பதினொரு குடும்பங்கள் கட்டவில்லை. குடும்பத்தோடு ஒருமுறை வெளியே சாப்பிடும் காசுதான். வேலை, இரவுப் பணி, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு எல்லாம் எனக்கும் உண்டு. கூட்டத்துக்கு வர முடியாதவர்களைக் குறை சொல்லவில்லை. வராமலே புத்தகம் மட்டும் எடுத்துப்போகிறவர்களைத்தான் சொல்கிறேன். பாட்டி சொன்ன சட்டப்படி, உப்பு போய்விட்டது, நெல் வரவில்லை.

இந்த இடத்தில் ஹகாரெனின் 15-ஆம் தொகுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதையில் வரும் இஷ்வால் போரின் முன்கதை ஏறக்குறைய முழுக்க அதில்தான் இருக்கிறது. நிஜப் போரில் இருந்த முதியவர்களிடம் அரக்காவா நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியது. நாம் இதுவரை நல்லவர்கள் என்று நினைத்திருந்த ஆட்கள் இளவயதில் என்ன செய்தார்கள் என்று ஒரு தொகுதி நீளத்துக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். 2009 தொடரில் அதை 30-ஆம் எபிசோடு ஒன்றிலேயே முடித்துவிட்டார்கள். விசுவாசம் என்ற பேச்சுக்கு இதுதான் என் கடைசி ஆதாரம். பிப்ரவரிக் கூட்டத்தில் புத்தகத்தை விரித்துக் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தால், 14-க்கும் 16-க்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. 14-ஆம் தொகுதி அதன்மேல் சாய்ந்து கிடந்தது.

அந்த ஆறாம் வகுப்புப் பெண்தான் காப்பாற்றினாள். வீட்டில் முன்பே வாசித்திருந்தாள். புத்தகம் இல்லாமலே எழுந்து நின்று தமிழில் சொன்னாள். சில இடங்களில் சொல் கிடைக்காமல் அவள் நின்றபோது யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. எபிசோடு 24 நிமிடம். அவள் சொன்னது 40 நிமிடம். அன்று வந்திருந்தவர்கள் எட்டு பேர்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: கூடத்துக்கான குலுக்கலில் மாதாமாதம் பெயர் போட்டு இடம் பிடித்த இணைச்செயலாளர், தேநீர்ப் பொறுப்பாளர், மேசை துடைத்த நால்வர், பாட்டி. பொருளாளருக்கும் நன்றி, மனப்பூர்வமாகவே.

அடுத்த ஆண்டுக்கு எனக்கு ஓர் ஆசை உண்டு. ரன்மா என்ற மாங்காவின் புதிய தொடர் 2024 அக்டோபரில் வந்தது. 1989 தொடரில் பேசிய கப்பேய் யமாகுச்சி, மெகுமி ஹயாஷிபாரா, நொரிகோ ஹிதாகா மூவரும் அதே பாத்திரங்களுக்கு மறுபடி குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல தொடர் கிடைக்காது. மாங்கா 38 தொகுதி. இதை எழுதும்போதே பொருளாளர் நிமிர்ந்து பார்ப்பது தெரிகிறது. இந்த முறை முன்கூட்டியே கேட்கிறேன். பாக்கிச் சந்தா வந்தாலே போதும், கையிருப்பைத் தொட வேண்டியதில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் பெட்டிச் சாவியை இன்றே கொடுக்கிறேன். போன ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் சாவியைக் கேட்கவில்லை. கேட்டால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதிவேட்டில் 15-க்கு நேரே ஒரு கையெழுத்து இருக்கிறது. அது எந்த மொழி என்பதில் செயற்குழுவுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எடுத்தவர் யாரென்று நான் கேட்கவில்லை. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உள்ள என் தபால் பெட்டியின் வாய் அந்தப் புத்தகத்துக்குத் தாராளமாகப் போதும், அளந்து பார்த்துவிட்டேன். இரவில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
செயலாளர்