பேர் கேட்காமல் வந்துவிட்டோம்: ஒரு கடலோரக் கேரவன் வாரத்துக்கான நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மடலில் வருகிறவர்களில் ஒரே ஒருவருடைய பேர்தான் எனக்குத் தெரியும், அதுவும் அவர் வண்டியை இரவல் கொடுத்தவர் என்பதால். மற்ற யாரிடமும் பேர் கேட்கவில்லை. ஒரு வாரம் முழுக்க ஐயா, அக்கா, தம்பி என்றே ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் அடடா என்று உறைத்தது. அதனால் இப்படிப் பொதுவில் எழுதிவிடலாம், உங்களில் யாராவது ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"ஒரு வாரம் நாம ரெண்டு பேர் மட்டும்" என்று சொல்லிக்கொண்டுதான் நானும் இவரும் கிளம்பினோம். படப்பிடிப்பில் நிற்குமே, அந்த மாதிரிக் கேரவன் இல்லை. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குளிர்பெட்டி, ஆள் திரும்ப இடமில்லாத ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். நான் ஓட்டுவது, இவர் வழி சொல்வது என்று ஏற்பாடு. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை, அது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தும் இருக்கும்.

வண்டி தந்த அண்ணா, முதலில் உங்களுக்கு. கிளம்புவதற்கு முதல் நாள் நாங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் நீங்கள் மளமளவென்று இறக்கிப் போட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, இப்போது சொன்னால் என்ன. கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக; பின்கோடியில் கனம் ஏறினால் வண்டி காரையே ஆட்டிவிடும் என்றீர்கள். அப்புறம் குளியலறையில் கிடக்கும் எடைக்கருவியைக் கொண்டுவந்து, முன்மூக்குக்கு, அதாவது காரின் கொக்கியில் மாட்டுகிற முனைக்கு, அடியில் ஒரு கட்டையை நிறுத்தி எடை பார்த்தீர்களே, அதை இவர் இன்னும் சொல்லிச் சொல்லி வியக்கிறார். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும், நம் வண்டி ஏற்றியபின் 1,200 கிலோ, அப்படியென்றால் 60-லிருந்து 84-க்குள், ஆனால் காரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் தாண்டக்கூடாது என்று நீங்கள் சொன்ன கணக்கை இவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

நீங்கள் சொன்னதில் என் உயிரைக் காத்தது இன்னொன்று. ஒரு இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது பக்கத்தில் வரும்போது காற்று வண்டியைத் தள்ளியது, தாண்டும்போது இழுத்தது, அடுத்த நொடி பின்னால் வீடு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்துவிட்டது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. "ஆடினா பிரேக்கைத் தொடாதம்மா, வேகத்தைக் கூட்டி நேராக்கவும் பார்க்காத, ஆக்ஸிலேட்டரை மட்டும் விடு, ஸ்டியரிங்கை நேரா பிடி" என்று நீங்கள் மூன்று தடவை சொன்னது காதில் ஒலித்தது. விட்டேன். நான்கைந்து ஆட்டத்தில் தானாகவே அடங்கியது. இவர் அப்புறம் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை.

கடலோர முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும்தான் உண்மையான சோதனை. எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் வண்டியைப் பின்னால் தள்ள வேண்டும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போகிறது, இடப்பக்கம் திருப்பினால் மடிந்து காரையே இடிக்க வருகிறது. இவர் பின்னால் நின்று "வாங்க வாங்க" என்று கை காட்டுகிறார், எந்தக் கண்ணாடியிலும் எனக்கு இவர் தெரியவே இல்லை. பத்து நிமிடத்தில் முகாமில் இருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் பொது இடத்தில் சண்டை போட்டதில்லை, அன்று போட்டோம்.

அப்போது வெள்ளைத் தொப்பி போட்ட ஐயா ஒருவர் மெதுவாக நடந்து வந்து என் ஜன்னலோரம் நின்றார். "நகருங்க, நான் போட்டுத் தரேன்" என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன், உண்மையில் அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். ஐயா, நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. "ஸ்டியரிங்கை அடியில பிடிம்மா. இப்ப கையை எந்தப் பக்கம் நகத்துறியோ, வண்டியோட பின்பக்கம் அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் கொஞ்சமா" என்றீர்கள். அவ்வளவுதான் பாடம். இவரிடம் போய், "கண்ணாடியில அவங்க முகம் உங்களுக்குத் தெரிஞ்சாத்தான் நீங்க அவங்களுக்குத் தெரிவீங்க" என்று சொல்லி இரண்டடி தள்ளி நிற்க வைத்தீர்கள். மூன்றாவது முயற்சியில் உள்ளே போய்விட்டேன். யாரோ கை தட்டினார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள், நன்றி சொல்ல நான் கீழே இறங்குவதற்குள்.

பக்கத்து வண்டி அக்கா, உங்களுக்கு எத்தனை நன்றி என்று எனக்கே கணக்கில்லை. முதல் இரவே குளிர்பெட்டி குளிரவில்லை. இவர் எரிவாயுவில் போட்டுப் பார்த்தார், மின்சாரத்தில் போட்டுப் பார்த்தார், கடைசியில் பெட்டி கெட்டுவிட்டது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். நீங்கள் காலையில் கையில் ரசமட்டத்தோடு வந்து தரையில் வைத்துப் பார்த்தீர்கள், குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக் குளிர்பெட்டி மாதிரி இதில் கம்ப்ரஸர் இல்லை, சூட்டில் ஓடுகிற அம்மோனியாக் கரைசல் திரும்பிக் கீழே வழிந்து வருவதற்கு மட்டம் வேண்டும், சாய்ந்து நின்றால் ஓட்டம் நின்றுவிடும் என்று நீங்கள் விளக்கியபோது இவர் தலையைத் தலையை ஆட்டினார். முதலில் பக்கவாட்டு மட்டம், அதற்குச் சக்கரத்துக்கடியில் சரிவுக்கட்டை. அப்புறம் முன்பின் மட்டம், அதற்கு முன்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தின் திருகு. கடைசியில்தான் நான்கு மூலைக் கால்கள், அதுவும் ஆட்டம் நிற்பதற்கு மட்டுமே, வண்டியைத் தூக்க இல்லை. நாங்கள் அந்தக் கால்களை வைத்தே வண்டியைத் தூக்கப் பார்த்திருந்தோம். வளைந்துபோகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அன்று மாலைக்குள் பெட்டி ஜில்லென்று ஆகிவிட்டது.

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இவரிடம் கேட்டேன், "எழுது, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார், அவருடைய தப்பு என்பதால் அது பெரிய மனசுதான். அடுப்புக்குக் கீழே தரையில் கையளவு ஓட்டை ஒன்று இருந்தது, மேலே வலை மட்டும் போட்டு. அது வழியாகக் காற்றும் மணலும், இரவில் பூச்சியும் வருகிறதென்று இவர் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிட்டார். நானும்தான் பார்த்தேன், "நல்லதாப் போச்சு" என்றேன். இரண்டு நாள் அப்படியே சமைத்திருக்கிறோம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறோம்.

முகாமைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஏதோ கேட்க வந்தவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து அந்தத் துண்டைப் பிடுங்கி வெளியே எறிந்தார். திட்டவில்லை. முகம் மட்டும் மாறியிருந்தது. சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம், கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும், அது வெளியேறுவதற்கென்றே வைத்த ஓட்டை இது என்றார். அதோடு விடாமல், மேலே இருக்கிற காற்றோட்டத் துளையையும் மூடாதீர்கள், அடுப்பு சரியாகக் காற்று கிடைக்காமல் எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, கசிகிற வாயுவையாவது அதில் கலந்திருக்கிற நாற்றம் காட்டிக்கொடுக்கும், இது காட்டாது, அடுப்பைக் குளிருக்கு மூட்டி வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது என்றும் சொன்னார். அந்த வாயு வந்தால் கத்துகிற எங்கள் அலாரத்தின் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். சத்தமே வரவில்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. தன் அறைக்குப் போய் ஒரு பேட்டரி எடுத்து வந்து போட்டுவிட்டு, தான் கேட்க வந்த விஷயத்தையே மறந்துவிட்டுப் போனார். அம்மா, அந்த ராத்திரி நாங்கள் இருவரும் வெகுநேரம் தூங்கவில்லை. மேலே கிடந்து அந்த ஓட்டை வழியாக வருகிற அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யப் போன இவருக்கு, ஊற்றும்போது அந்தச் சின்னக் காற்றுப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் 'களக் களக்' என்று தெறிக்காது என்று சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரோ, அவருக்குத் துணி துவைக்கிறவள் என்ற முறையில் என்னுடைய தனிப்பட்ட நன்றி. ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

நான்காம் இரவு காற்று. பகலில் கடலிலிருந்து வீசியது ராத்திரி திசை மாறித் தரையிலிருந்து வீச ஆரம்பித்தது. வெயிலில் மண் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும், கடல் மெதுவாக, அதனால் தினமும் அப்படித்தான் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். அன்று வந்தது அந்த மாதிரித் தினப்படிக் காற்று இல்லை. வாசலில் நாங்கள் கட்டியிருந்த துணிப் பந்தல் பாய்மரம் மாதிரிப் புடைத்து வண்டியையே குலுக்கியது. நாங்கள் உள்ளே விளக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வெளியே மூன்று டார்ச் வெளிச்சம். அக்காவும் அவர் வீட்டுக்காரரும், தொப்பி இல்லாததால் எனக்கு அடையாளமே தெரியாத அந்த ஐயாவும். ஒருவர் கம்பைப் பிடிக்க, ஒருவர் முளையைப் பிடுங்க, ஐயா துணி மேல் அப்படியே படுத்துவிட்டார், பறக்காமல் இருக்க. ஐந்து நிமிட வேலை. "காத்து வருதான்னு யோசிச்சாலே இறக்கிடணும்" என்று சொல்லிவிட்டு மூவரும் போய்ப் படுத்துவிட்டார்கள்.

அப்புறம் மணல். இரண்டாம் நாள் நான்கு மணிக்குக் காரைக் கரையில் நிறுத்தி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம், தண்ணீர் பின்வாங்கிக்கொண்டே போனது, அவ்வளவு நன்றாக இருந்தது. ஐந்தாம் நாளும் அதே நான்கு மணி, அதே இடம், சொல்லப்போனால் இன்னும் முன்னால், ஏனென்றால் மணல் அதிகம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் பின்சக்கரத்தை நுரை தொடுகிறது. காரைக் கிளப்பினேன், சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டு இறங்கியதுதான் மிச்சம்.

படகு ஓரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார், கூடவே மூன்று தம்பிகள். "சுத்தாதீங்க, நிறுத்துங்க" என்றார்கள். நான்கு டயரிலும் காற்றை 32-லிருந்து 18-க்கு இறக்கினார்கள், டயர் பரந்து மணல் மேல் மிதக்கும் என்று. சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, எங்கள் கால்மிதியைப் போட்டு, மூன்று பேரும் தள்ள, இரண்டாம் கியரில் மெதுவாக மேலே வந்துவிட்டேன். எங்கள் கால்மிதி இப்போது கடலுக்குள் எங்கேயோ இருக்கும். பெரியவர்தான் அப்புறம் சொன்னார்: கடல் ஏற்றம் தினமும் ஐம்பது நிமிடம் போலப் பிந்தும், முந்தாநாளுக்கு முந்தின நாள் நாலு மணிக்கு வற்ற ஆரம்பித்தது இன்றைக்கு நாலு மணிக்கு ஏறிக்கொண்டிருக்கும், போதாததற்கு இன்று பௌர்ணமி, வழக்கத்தைவிட மேலே வரும், "கடிகாரத்தைப் பார்க்காதீங்க, நிலாவைப் பாருங்க". தம்பிகளா, பணம் நீட்டியபோது நீங்கள் மூவரும் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டீர்கள். காற்றைத் திரும்ப நிரப்பாமல் ரோட்டில் ஏறக்கூடாது என்று கத்திக்கொண்டே ஓடினீர்கள். கால் பம்ப் வைத்து நிரப்பினோம், ஒரு மணி நேரம் ஆயிற்று.

மீதி இரண்டு நாள் நாங்கள் எதையும் உடைக்கவில்லை, எதிலும் மாட்டவில்லை, சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அதற்காகத்தான் போனோம்.

அண்ணா, வண்டியைத் திருப்பித் தருவதற்கு முன்னால் நீங்கள் சொன்னபடியே நல்ல தண்ணீரில் கழுவினோம், அடிப்பக்கம், அச்சு, மூலைக்கால் திருகு, எல்லாவற்றிலும் உப்பு போகும்வரை. கதவோரக் கீறல் எங்களுடையதுதான், அதை நீங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது எங்களுக்குத் தெரியும். மணல் இன்னும் ஒரு வருடம் வந்துகொண்டிருக்கும், அதற்கும் மன்னியுங்கள்.

அக்கா, கடைசியாக உங்களுக்கு ஒன்று. உங்கள் ரசமட்டம் எங்கள் பையில் வந்துவிட்டது. மஞ்சள் நிறம், ஒரு முனை மட்டும் சிராய்ந்திருக்கும், நீங்களே பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள். அது இல்லாமல் நீங்கள் அடுத்த இடத்தில் எப்படி மட்டம் பார்த்தீர்களோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள், அப்படியே உங்கள் பேரையும்.