பேப்பர் போடறதுக்கு முன்னாடி

கவி,

பாப்பா போட்டோ பாத்தேன்டி, மூக்கு அப்படியே உங்கப்பா மூக்கு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், பெரியவன் எட்டாவது போறான், அத்தைக்கு முட்டி வலிதான் இன்னும் விடல. எனக்கு ஏப்ரல்ல எங்க ஐடி கம்பெனில டெலிவரி மேனேஜர் ப்ரமோஷன் வந்துச்சு, என்கூட ஜாயின் பண்ண பசங்க அதை எப்பவோ தாண்டிட்டாங்க, ஆனாலும் சந்தோஷம்தான்.

பிரசவ லீவு முடியப்போகுது, பேப்பர் போட்டு வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்னு எழுதிருந்த. அவசரப்படாதடி. குழந்தையோட இருக்கணும்ங்கற ஆசைல வேலைய விட்டா நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், அது உன் இஷ்டம். ஆனா உன் மெயில்ல ஆசையே இல்ல, எப்படி சமாளிக்கப்போறேனோன்னு பயம்தான் பக்கம் பக்கமா இருக்கு.

12 வாரமா இருந்த பிரசவ லீவை 2017-ல சட்டத்துல 26 வாரமா ஆக்கினாங்க, அது பெரிய விஷயம்தான். ஆனா நம்ம மாதிரி வேலைல அந்த லீவு சம்பளம் முழுசும் கம்பெனி தலைலயே விழுது, அப்பாவுக்கு லீவு குடுக்கணும்னு தனியார் கம்பெனிகளுக்கு சட்டமே இல்ல, சென்ட்ரல் கவர்மென்ட் வேலைன்னா 15 நாள் உண்டு. அப்ப ஆள் எடுக்கறவன் புதுசா கல்யாணமான பொண்ணைப் பாத்தா மனசுக்குள்ள கணக்கு போடாம என்ன பண்ணுவான்? லீவு முடிஞ்சு வந்தாலும் வருஷா வருஷம் வேலைக்கு மார்க் போடற அப்ரைசல்ல "இந்த வருஷம் காட்ட ஒண்ணும் இல்லையே"ன்னு சுமாரான ரேட்டிங், அதனால வெளிநாட்டுக்கு அனுப்பற ஆன்சைட் லிஸ்ட்ல பேர் இல்ல, அதனால அடுத்த ப்ரமோஷன் இல்ல, இப்படியே ஒண்ணு பின்னாடி ஒண்ணா போயிடும். என் டீம்ல ஒரு பொண்ணுக்கு இதான் நடக்க இருந்துச்சு, அவ வேலை பாத்த மாசத்தை மட்டும் வெச்சு ரேட் பண்ணுங்கன்னு மீட்டிங்ல சண்டை போட்டு மாத்த வெச்சேன். இந்த சீட்ல உக்காந்து நான் செஞ்சதுலயே எனக்கு நிறைவா இருக்கறது அதுதான்.

2023-ல பொருளாதார நோபல் வாங்கின க்ளாடியா கோல்டின் அமெரிக்கா கணக்கை வெச்சு இதைத்தான் காட்டினாங்க. ஒரே படிப்பு ஒரே வேலைன்னு ஆரம்பிக்கற ஆணுக்கும் பொண்ணுக்கும் முதல் குழந்தைக்கு அப்பறம்தான் சம்பளம் பெருசா விலகுது, ஏன்னா எந்நேரம் கூப்பிட்டாலும் வர்ற ஆளுக்குத்தான் கம்பெனி அள்ளிக் குடுக்குது. நம்ம சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகள்ல ராத்திரி 9 மணிக்கு அமெரிக்கா ஆளுங்களோட மீட்டிங் கால் இருக்கே, அதேதான். அந்த நேரம் குழந்தை அழுதா எழுந்து போற ஆள் எப்பவும் நாமதான்.

அதனால முதல்ல உன் வீட்டுக்காரர்கிட்ட உக்காந்து பேசு. "நான் ஹெல்ப் பண்றேன்"னு அவர் சொன்னா அதோட விட்டுடாத, எந்தெந்த ராத்திரி கால் உன்னுது, அன்னைக்கு பாப்பா அவர் பொறுப்புன்னு கிழமை போட்டு முடிவு பண்ணுங்க. அவரும் ஐடிதானே, அவர் மேனேஜர்கிட்ட அவரும் கேக்கட்டும்.

அப்பறம் உங்க ஆஃபீஸ்ல க்ரெஷ், அதான் குழந்தைகளைப் பாத்துக்கற இடம், எங்க இருக்குன்னு கேளு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற கம்பெனின்னா அந்த வசதி இருந்தே ஆகணும், ஒரு நாளைக்கு நாலு தடவை போய் குழந்தையப் பாத்துட்டு வர உனக்கு உரிமை இருக்கு. லீவுக்கு அப்பறம் கொஞ்ச நாள் வீட்ல இருந்து வேலை பாக்கறதையும் பேசி முடிவு பண்ணிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. வாய்ப்பேச்சா விட்டுடாத, மெயில்ல வாங்கு. நீ எழுதி முதல்ல எனக்கு அனுப்பு, நான் திருத்தித் தரேன், எப்படி கேட்டா ஹெச்ஆர் தட்டிக் கழிக்க முடியாதுன்னு இப்ப எனக்கு நல்லாத் தெரியும்.

உன்
சுதா